வின்ச்சு மேடைக்கு வந்த ஆட்சிமொழி

கம்பெனி ஆபீசின் மாடி அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே ஒரு நாற்காலியில் முனுசாமி உட்கார்ந்திருந்தான். மூட்டை தூக்குகிறவனுக்கு அந்த அறையில் நாற்காலி போட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதற்கு அவன் இடது கையிலிருந்து இரண்டு விரல்களைக் கொடுத்திருந்தான்.

கைக்கட்டிலிருந்து டிங்சர் வாசனை வந்தது. ஜன்னலுக்கு வெளியே கரித்தூளும் மீன்கவிச்சியும் கலந்த ராயபுரத்துக் காற்று.

மேஜைக்கு எதிரே நரசய்யா செருப்பில்லாமல் நின்றார். கப்பலின் மேல்தளத்தில் நீராவி வின்ச்சை ஓட்டுகிறவர். சரக்கை ஏற்றுவதும் இறக்குவதும் அவர் கை. விசாகப்பட்டணத்துக்கு வடக்கே ஏதோ ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவர். தெலுங்குதான் வாயில் வரும். முனுசாமியின் விரல்களை எடுத்தது அவர் ஓட்டிய வின்ச்சு. அவருக்கு வேலை இருக்குமா, போகுமா என்பதைத் தீர்மானிக்கத்தான் அந்த விசாரணை.

மேஜைக்குப் பின்னால் சூப்ரண்டு. வடக்கிலிருந்து புதிதாக வந்தவர். பக்கத்தில் பேனாவோடு ஒரு குமாஸ்தா. கதவோரம் நானும் காதர் பாயும் இன்னும் நாலைந்து பேரும்.

"என்ன நடந்தது, சொல்லு" என்று குமாஸ்தா முனுசாமியைக் கேட்டார்.

"சார், நரசண்ணா மேல ஒரு தப்பும் இல்ல. நா சங்கிலிய பெட்டிக்கு அடியில சொருவிகினு இருந்தேன். பாய் குரல் குடுக்கல. கரையில எவனோ கத்துனான். அது அண்ணன் காதுல வுயுந்துச்சு. பெட்டி எயும்பிச்சு. பயய வார்த்தையே இருந்திருந்தா இன்னிக்கு என் வெரலு என் கையிலதான் கீது. இத்த எய்து சார்."

குமாஸ்தா இங்கிலீஷில் ஒரு வரி எழுதினார். அதுவும் முழு வரி இல்லை.

முனுசாமி எட்டிப் பார்த்தான். "இன்னா சார், நா இம்மா நேரம் பேசுனேன். நீ மூக்கு சிந்துற நேரத்துல முட்ச்சிட்ட?"

"சாராம்சம் எழுதியிருக்கிறேன்பா."

"சாரத்த எய்துனியா, சக்கைய எய்துனியா?"

எனக்கு எழுத்துக் கூட்டி இங்கிலீஷ் படிக்கத் தெரியும். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வின்ச்சு இயங்கியபோது காயம் பட்டது என்று சாட்சி ஒப்புக்கொள்கிறார். அவ்வளவுதான்.

இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது. சில வாரங்களாக இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்: ஒரு நாட்டுக்குச் சட்டம் போட்டு ஓர் ஆட்சிமொழி வேண்டுமா, வேண்டாமா? இத்தனை ஊர் சுற்றியவர் இதைப்பற்றி ஏன் வாயைத் திறப்பதில்லை? எனக்குத் தெரிந்த பதில் அந்த மாடி அறையில் இருக்கிறது. அதைச் சொல்ல முதலில் உங்களைக் கப்பலுக்குள் அழைத்துப் போக வேண்டும்.

ஒரு வாய்க்குச் சொந்தமான வார்த்தைகள்

சரக்கறை என்பது கப்பலின் வயிறு. அதன் வாய் மேல்தளத்தில் திறந்திருக்கும். கீழே நின்று பெட்டிக்குச் சங்கிலி மாட்டுகிறவர்கள் முனுசாமியும் நானும் எங்கள் கேங்கும். மேலே வின்ச்சில் நிற்கும் நரசய்யாவுக்கு நாங்கள் தெரியமாட்டோம். எங்களுக்கு அவர் தெரியமாட்டார். இரண்டு பக்கமும் பார்க்கிற மாதிரி சரக்கறை வாயின் விளிம்பில் காதர் பாய் நிற்பார். சங்கிலி மாட்டியாயிற்றா, எல்லோருடைய கையும் வெளியே வந்தாயிற்றா என்று பார்த்துவிட்டு அவர் குரல் கொடுப்பார்.

தூக்குவதற்கு, "ஆபேஸ்!" இறக்குவதற்கு, "ஆரியா!"

இவை எந்த மொழி என்று கேட்காதீர்கள். பறங்கி மாலுமிகள் விட்டுப்போனது என்பார் ஒருவர். அரபிக்காரன் கொண்டுவந்தது என்பார் இன்னொருவர். காதர் பாயிடம் ஒருநாள் கேட்டேன்.

"எங்க அத்தா சொன்னாரு, அவரு அத்தா சொன்னாரு. மொத மொதல்ல எவன் சொன்னானோ அவன் செத்து, அவன மீனு துன்னு, அந்த மீன நாம துன்னாச்சு. வேலயப் பாரு."

இந்த இரண்டு வார்த்தைகளுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. வேலை நடக்கும்போது காதர் பாயைத் தவிர வேறு யாரும் அவற்றை வாயில் எடுக்கக்கூடாது. கீழே நாங்கள் "தூக்கு", "வுடு", "தள்ளு", "புடி" என்று தொண்டை கிழியக் கத்துவோம். அதெல்லாம் வெறும் சத்தம். கப்பலிலேயே வேலை செய்கிற கலாசிகள்கூட எங்கள் வேலை நேரத்தில் அந்த இரண்டையும் விழுங்கிக்கொள்வார்கள்.

காரணம் நீராவி. அது சீறுகிற சீற்றத்தில் பேசுகிறவன் யாரென்று தெரியாது. பக்கத்தில் பேசுகிறானா, கரையில் பேசுகிறானா என்பதும் தெரியாது. வார்த்தையின் வடிவம் மட்டும் தேய்ந்துபோய்க் காதில் வந்து விழும். வேறெவனும் சொல்லாத வார்த்தை ஆகையால், விழுந்தால் அது காதர் பாயுடையது. அந்தக் கட்டுப்பாட்டை நம்பித்தான் நாங்கள் பெட்டிக்கு அடியில் கை விட்டோம்.

மீறினவனுக்குத் தண்டனை உண்டு. வேலையை நிறுத்துவார்கள். அவன் ஏணியில் ஏறி மேலே வர வேண்டும். வாளியில் கடல் தண்ணீர் இறைத்துவைத்திருப்பார்கள். எல்லோர் முன்னாலும் வாய் கொப்பளித்துவிட்டு, வின்ச்சைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்கலாம்.

நான் சேர்ந்த புதிதில், பம்பாயில் வேலை செய்துவிட்டு வந்த மிடுக்கில் கீழே நின்று "ஆபேஸ்!" என்று ஒரு கூவல் விட்டேன். துறைமுகத் தண்ணீரில் என்னென்ன மிதக்கும் என்று எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

"நல்லா கொப்பளி மாமு" என்று முனுசாமி பக்கத்தில் நின்று உபசாரம் செய்தான். "தொண்ட வரைக்கும் போவட்டும். பம்பாய் நாத்தம் வெளிய வரட்டும்."

கரைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடாது. காசிமேட்டில் ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் போட்டபோது எங்கள் ஆட்கள்தான் மூங்கில் ஏற்றினார்கள். ஒருத்தன் வாயிலும் அந்த வார்த்தை வரவில்லை. அது கப்பலில் இருக்கிற வார்த்தை, கரையில் செலவழிக்கக்கூடாது.

சோறு போட்ட பாஷைகள்

நான் மூன்றாம் பாரத்தை, அதாவது எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். வாத்தியார் ஒருநாள் வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லி, "வீட்டில் என்ன செய்தாய்?" என்றார். "வூட்ல சும்மா குந்திகினு இருந்தேன் சார்" என்றேன். "இது தமிழா?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்கவிட்டார். எனக்கு அந்த ஒரு தமிழ்தான் தெரியும். அதுவும் தமிழில்லை என்றால் நான் எதைப் பேசுகிறவன்? பள்ளிக்கூடம் போவதை அத்தோடு விட்டேன்.

பிறகு ரங்கூன். யுத்தம் வந்ததும் திரும்பி, பம்பாய். நடுவில் கொஞ்ச காலம் கராச்சி. ரங்கூன் துறையில் தெலுங்கு கற்றேன்; அங்கே கூலிகளில் பெரும்பாலோர் தெலுங்கர்கள். பம்பாயில் இந்துஸ்தானி ஒட்டிக்கொண்டது. பட்டாளத்துக்குச் சாமான் இறக்கும்போது கொஞ்சம் இங்கிலீஷ். எதையும் ஆசைப்பட்டுக் கற்கவில்லை. பசித்தது, கற்றேன்.

ஆகவே இந்தியின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. எனக்குச் சோறு போட்ட பாஷைகளில் அதுவும் ஒன்று.

எல்லாத் துறைமுகத்திலும் ஒன்றைப் பார்த்தேன். பத்து ஊர் ஆட்கள் ஒரே கப்பலில் வேலை செய்தார்கள். எங்களுக்கு எது பொதுமொழி என்று எந்த மந்திரியும் வந்து சொல்லவில்லை. தேவைப்பட்ட இடத்தில் தேவைப்பட்ட வார்த்தை தானாக முளைத்தது. கை போகாமலிருக்க என்ன கட்டுப்பாடு வேண்டுமோ அதை நாங்களே போட்டுக்கொண்டோம்.

நாடும் துறைமுகமும் ஒன்றல்ல என்பீர்கள். சரி. கோர்ட்டு இருக்கிறது, தபாலாபீஸ் இருக்கிறது, ஒரு ராஜ்யம் இன்னொரு ராஜ்யத்துக்குக் காகிதம் அனுப்ப வேண்டியிருக்கிறது. அதற்கு ஏதோ ஒரு மொழியை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் சட்டம் என்று ஒன்று போட்டால் அது யாரைக் கட்ட வேண்டும்? மேஜைக்குப் பின்னால் இருக்கிறவனையா, முன்னால் நிற்கிறவனையா? நான் பார்த்த வரையில் மொழிச் சட்டத்தின் கயிறு முன்னால் நிற்கிறவன் கழுத்தில்தான் விழுந்தது. பின்னால் இருக்கிறவன் தனக்கு வசதியான மொழியில் பேசிக்கொண்டிருந்தான்.

பெரிய பேச்சாக இருக்கிறதா? இருக்கட்டும். நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு பலகை வந்தது

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. இந்திதான் ஆட்சிமொழி என்று சட்டம் எழுதியாயிற்று. ஆனாலும் இங்கிலீஷ் பதினைந்து வருஷம் கூட இருக்கட்டும் என்று அந்தச் சட்டமே அவகாசம் கொடுத்திருந்தது. எங்கள் கம்பெனிக்கு வந்த புதுச் சூப்ரண்டுக்குப் பதினைந்து நாள் பொறுக்கவில்லை.

ஒருநாள் காலை வேலைக்குப் போனால் ஷெட் வாசலில் பெரிய பலகை. தேவநாகரி எழுத்து. எங்கள் கேங்கில் ஒருவருக்கும் படிக்க வராது. காதர் பாய் இந்துஸ்தானி பேசுவார். அவருக்கும் அந்த எழுத்து தெரியாது.

"இன்னாபா இது, துணி காயப் போட்ட மாதிரி கீது?" என்றான் முனுசாமி.

சூப்ரண்டு வந்து சொன்னார், குமாஸ்தா தமிழாக்கினார். நாட்டுக்கு ஒரு மொழி வந்துவிட்டது. அடிமைக் காலத்துக் கூச்சல்கள் இனி வேண்டாம். தூக்க "உட்டாவ்", இறக்க "உத்தாரோ". பழைய வார்த்தைகளைச் சொல்கிறவன் அன்றே வெளியே.

நாங்கள் எல்லோரும் காதர் பாயைப் பார்த்தோம். குரல் அவருடையது. அவர் சூப்ரண்டிடம் நேராக இந்துஸ்தானியில் பேசினார். அவர் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்:

"சாஹேப், இது என் வீட்டுப் பாஷை. அதனால்தான் வேண்டாம் என்கிறேன். காலையில் என் வீட்டுக்காரி உட்டாவ் என்றால் நான் பாயைச் சுருட்டுகிறேன். கரையில் காவல்காரன் உட்டாவ் என்றால் கூலி மூட்டையைத் தூக்குகிறான். நாள் முழுக்க நூறு பேர் வாயில் புரளுகிற வார்த்தையை வின்ச்சுக்குக் கொடுக்காதீர்கள். வின்ச்சுக்கு யார் சொன்னது என்று தெரியாது."

சூப்ரண்டு சிரித்தார். கெட்ட சிரிப்பென்று சொல்லமாட்டேன். மனிதர் உண்மையிலேயே நாட்டுக்கு ஒரு நல்ல காரியம் செய்வதாக நம்பினார். "உன் பாஷைக்கே மரியாதை வந்திருக்கிறது. நீ சந்தோஷப்பட வேண்டாமா?" என்றார்.

காதர் பாய் எங்களிடம் திரும்பி வந்தார். "மரியாத குடுக்குறாராம். என் வூட்டுப் பாஷைய எட்த்து உங்க தலைல போடச் சொல்றாரு."

"நீயே சொல்லு பாய், பேஜாரா இல்ல?" என்றான் முனுசாமி. "வாய் கொப்பளிக்கிற வாளிய இன்னா பண்றது? காவக்காரனுக்குக் குடுத்துடலாமா?"

அன்று காலை நரசய்யா எண்ணெய்த் துணியால் வின்ச்சைத் துடைத்துக்கொண்டே அந்த இரண்டு புது வார்த்தைகளையும் உதட்டுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். உத்தரவு வந்தால் கீழ்ப்படிகிற மனிதர். ஊரில் ஒரு மனைவி, கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள். தண்டையார்ப்பேட்டையில் நாலு பேரோடு ஓர் அறை. வேலை போனால் அவருக்கு இந்தப் பட்டணத்தில் வேறு எதுவும் இல்லை.

கரையிலிருந்து ஒரு குரல்

சில நாள் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் மோசம். சூப்ரண்டுக்கு நம்பிக்கை வந்தது.

அன்று திருவொற்றியூர்ப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலைக்கு யந்திரப் பெட்டிகள் வந்திருந்தன. ஒவ்வொன்றும் ஓர் அறை அளவு. வெயில் சரக்கறை வாய் வழியாக நேரே தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. முனுசாமி குனிந்து பெட்டிக்கு அடியில் சங்கிலியைச் செருகினான். நான் மறுபக்கத்தில் அதை வாங்கக் கையை நீட்டியிருந்தேன். காதர் பாய் மேலே குனிந்து, முனுசாமியின் கை வெளியே வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும்; அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரையில், கப்பல் ஓரமாக, கம்பெனிக் காவல்காரன் மூட்டைமேல் உட்கார்ந்து பீடி பிடித்த கூலிகளைப் பார்த்து, எழுந்து மூட்டையைத் தூக்கச் சொல்லி அதட்டினான். "உட்டாவ்! உட்டாவ்!"

அவன்மேலும் தப்பில்லை. வடக்கத்திக்காரன்; அது அவன் வீட்டுப் பேச்சு. வேறெப்படிச் சொல்லுவான்?

சங்கிலி இறுகிய சத்தம் கேட்டது. முனுசாமி கத்தவில்லை. "யம்மா" என்று மெதுவாகச் சொன்னான், ஏதோ மறந்துபோனதை நினைத்துக்கொண்டவன் மாதிரி. காதர் பாய்தான் கத்தினார். அவர் கத்தியது பழைய வார்த்தை. "ஆரியா! ஆரியா! ஆரியா!" நரசய்யா அந்தக் கணமே இறக்கினார். இல்லாவிட்டால் கையே போயிருக்கும்.

நான் தோளில் போட்டிருந்த துண்டைக் கிழித்துக் கட்டினேன். மேலே ஏறி வந்தபோது நரசய்யா வின்ச்சின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். நீராவி அடைத்தாகிவிட்டது. அவர் விரல்களை ஒவ்வொன்றாக நாங்கள்தான் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு பிரசங்கம்

மறுநாள் முனுசாமியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் தொழிலாளர் சங்கத் தலைவர் ஒருவர் வந்து கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நல்ல பேச்சாளர். குரலை அடக்கத் தெரியாதவர்.

"தோழர்களே! இந்த விரல்களைத் தின்றது வின்ச்சு அல்ல, இந்தி!"

"நைனா, வலிக்குது. கொஞ்சம் மெதுவா தின்னச் சொல்லு" என்றான் முனுசாமி.

தலைவர் விடவில்லை. பழைய வார்த்தைகள் என்னென்ன என்று விசாரித்தார். சொன்னோம். முகம் சிவந்துவிட்டது. "ஆரியாவா? பார்த்தீர்களா, வின்ச்சில்கூட ஆரியன் ஏறி உட்கார்ந்திருக்கிறான்!"

"அது எறக்குறதுக்குச் சொல்றது நைனா."

எங்களுக்கு அவர் ஒரு தீர்வு வைத்திருந்தார். இனிமேல் தூக்குவதற்கு "ஏற்றுக". இறக்குவதற்கு "இறக்குக". தூய தமிழ். சங்கம் இதை ஒரு கோரிக்கையாகவே வைக்கும்.

காதர் பாய் பொறுமையாகக் கேட்டார்: "தொரே, ரெண்டும் 'உக'ன்னு வந்து நிக்குதே. நீராவி சத்தத்துல எது ஏறுது, எது எறங்குதுன்னு எப்படித் தெரியும்?" தலைவருக்கு அது பிடிக்கவில்லை. நீங்கள் பேசுவதே கொச்சை, முதலில் நாக்கைத் திருத்திக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு மூன்றாம் பாரம் நினைவுக்கு வந்தது.

நான் நரசய்யா விஷயத்தை எடுத்தேன். சங்கம் அவருக்காக விசாரணையில் பேசுமா?

தலைவர் குரல் அப்போதுதான் இறங்கியது. மதராஸ் யாருக்கு என்று தெலுங்கர்களும் தமிழர்களும் கட்சி கட்டி நின்ற காலம் அது. "அவர் ஆந்திரர் அல்லவா? பட்டணத்தையே கேட்கிறார்கள். இந்த நேரத்தில் அவருக்காக நாம் கொடி பிடித்தால் நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள்?"

"நம்ம ஆளுன்னா யாரு?" என்று முனுசாமி கேட்டான். "வெரலு போனவன் நானு. நான் சொல்றேன், அவரு நம்ம ஆளு."

தலைவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

சூப்ரண்டின் மேல் எனக்கு இருந்த கோபத்தை எழுதியாயிற்று. இவர்மேல் வந்த கோபம் அதைவிடப் பெரிது. அவருக்கு எங்களைத் தெரியாது, இவருக்குத் தெரியும். ஒருவர் தன் மொழியை எங்கள் தலையில் வைத்தார். இன்னொருவர் அதை எடுத்துவிட்டுத் தன் மொழியை வைக்கப் பார்த்தார். கீழே கை விடுகிறவனை இருவரும் கேட்கவில்லை.

மறுபடி மாடி அறை

முனுசாமி பேசி முடித்ததும் நரசய்யாவின் முறை. வின்ச்சுக்கு இந்தியைக் கொண்டுவந்த மனிதர் விசாரணையை இங்கிலீஷில் எழுதவைத்தார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் காகிதம் கம்பெனி வக்கீலுக்குப் போக வேண்டும். வக்கீலுக்கு உட்டாவ், உத்தாரோ புரியாது. ஆட்சிமொழி எங்களுக்கு, அவர்களுக்கு எது ஓடுமோ அது.

சூப்ரண்டு கேட்டதை நான் நடுவில் நின்று தெலுங்கில் சொன்னேன், நரசய்யா சொன்னதை இந்துஸ்தானியில் திருப்பினேன்.

"குரல் கேட்டதா?" கேட்டது. "தூக்கினாயா?" தூக்கினேன். "குரல் கொடுத்தது காதர்தானா?" இல்லை என்று பிறகு தெரிந்தது. "அப்படியானால் உத்தரவில்லாமல் தூக்கியிருக்கிறாய்."

நரசய்யா அதற்குப் பதில் சொன்னார். நீளமாகச் சொன்னார். பழைய வார்த்தையை வேறு யாரும் சொல்லமாட்டார்கள், அதனால் யார் என்று பார்க்க வேண்டியதில்லை. புது வார்த்தை நாலு பக்கமிருந்தும் வருகிறது. எது எனக்கு, எது மூட்டைக்காரனுக்கு என்று நான் எப்படிப் பிரிப்பேன்? ஒவ்வொரு தடவையும் நின்று விசாரித்தால் வேலை மந்தம் என்று மேஸ்திரி திட்டுகிறார்.

நான் ஒரு வார்த்தை விடாமல் திருப்பினேன். சூப்ரண்டு கேட்டுக்கொண்டார். "உங்கள் பழைய வழக்கம் எதுவும் உத்தரவில் இல்லை" என்றார். குமாஸ்தா எழுதினார்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பலகையை அதற்கு முன்பே கழற்றிவிட்டார்கள். விபத்து நடந்த இரண்டாம் நாள், யாரும் சொல்லாமல், எந்தக் காரணமும் காட்டாமல், பலகை ஷெட் வாசலிலிருந்து காணாமல் போயிற்று. காதர் பாய் பழைய குரலுக்குத் திரும்பியதை யாரும் தடுக்கவில்லை. உத்தரவு தப்பு என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது. உத்தரவைப் போட்டவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அதற்குக் கீழ்ப்படிந்தவர் முன்னால் நின்றார்.

குமாஸ்தா எழுதி முடித்த காகிதத்தைச் சூப்ரண்டு படித்துப் பார்த்தார். என்னைப் பார்த்துச் சொன்னார்: "இவனை வேலையிலிருந்து நீக்கியாயிற்று. அவன் பாஷையில் சொல்லு. தெளிவாகச் சொல்லு. புரியவில்லை என்று நாளைக்குக் கேஸ் போடக்கூடாது."

அவன் பாஷையில்! வின்ச்சில் நின்றபோது அவருக்கு ஒரு பாஷை இருக்கிறது என்று யாருக்கும் நினைவில்லை. உத்தரவு போட்டபோது நினைவில்லை. கேள்வி கேட்டபோதும் நினைவில்லை; நான் அங்கே இல்லாவிட்டால் அதுவும் நடந்திராது. வெளியே அனுப்புகிறபோதுதான் கம்பெனிக்குத் தெலுங்கு தேவைப்பட்டது.

நான், "எனக்குத் தெலுங்கு வராது சார்" என்றேன்.

சூப்ரண்டு திகைத்தார். "இவ்வளவு நேரம் பேசினாயே?"

"மறந்துபோச்சு சார்."

அவர் முனுசாமியைக் காட்டி, அவன் சொல்லட்டும் என்று குமாஸ்தாவிடம் சொன்னார். முனுசாமி இருக்கும் காசிமேட்டில் தெலுங்கு பேசாத தெரு எது? முனுசாமியின் மாமியாரே தெலுங்குக்காரி.

"நமக்குத் தமியே தகராறு சார்" என்றான் முனுசாமி. "எய்துனவரக் கேளு."

காதர் பாயைக் கேட்டார், இந்தியில். நெஞ்சில் கை வைத்து, மரியாதையாகத் தலை குனிந்து, காதர் பாய் அழகான இந்துஸ்தானியில் பதில் சொன்னார்: தனக்கு இந்துஸ்தானியைத் தவிர எதுவும் தெரியாது என்று. இருபது வருஷமாக நரசய்யாவோடு தெலுங்கில் சண்டை போட்ட மனிதர்.

கதவோரம் நின்ற மற்றவர்களையும் கேட்டார்கள். அத்தனை பாஷை புழங்கிய கேங்கில் அன்று ஒருத்தனுக்கும் ஒரு பாஷையும் தெரியவில்லை.

சூப்ரண்டு எழுந்து நின்று, கையை வாசல் பக்கம் வீசிக் காட்டினார். நரசய்யா வாசலைப் பார்த்தார். அங்கே ஏதாவது எடுத்துவரச் சொல்கிறாரோ என்று. பிறகு எங்களைப் பார்த்து, "ஏமண்ட்டுன்னாரு?" என்றார். என்ன சொல்கிறார் என்று. நாங்கள் தரையைப் பார்த்தோம். அன்றைக்கு விசாரணை அப்படியே நின்றுபோயிற்று.

ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். மறுநாள் எங்கிருந்தோ தெலுங்கு படித்த ஒருவரைக் கூட்டிவந்தார்கள். கண்ணாடி போட்ட வயதானவர். காகிதத்தை அவர் நல்ல இலக்கணத் தெலுங்கில் நிறுத்தி நிதானமாகப் படித்தார். சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று என்று குமாஸ்தா எழுதிக்கொண்டார். நரசய்யா கட்டைவிரலைப் பதித்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார்.

நாங்கள் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தோம்.

"பெரிய பெரிய வார்த்தையாகச் சொன்னார், தம்முடு" என்றார் என்னிடம். "ஏதோ புராணம் படிக்கிற மாதிரி இருந்தது. என்ன சொன்னார்?"

நான்தான் சொன்னேன். எந்த மொழியில் சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.

அவர் சற்று நேரம் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு முனுசாமியின் கட்டுப்போட்ட கையைத் தன் இரண்டு கைகளாலும் வாங்கி, திருப்பிப் பார்த்து, மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே சங்கு ஊதியது.

"வெள்ளண்டி" என்றார். "போங்க, வேலைக்கு நேரமாச்சு."

போனோம். எங்களுக்கு வேலை இருந்தது.